மூச்சைப் பிடித்தால் நிற்கும் வலி

விக்கிரவாண்டி ரயில் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டிப் பாட்டையில் எங்கள் ஊர் இருக்கிறது. எலும்பு முறிந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது எங்கள் குடும்ப வேலை. முதுகும் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வாசலில் நிற்காமல் நேராகப் பாஞ்சாலி அம்மாளைத் தேடிப் போவார்கள். திண்டிவனத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

பாஞ்சாலி அம்மாள் பிறந்தபோது தலை முன்னால் வரவில்லை, கால் முன்னால் வந்தது. அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் நடக்கத் தெரிவதற்கு முன்பே அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் யார் யார் முதுகிலோ காலை வைத்து எடுத்திருக்கிறார்கள். அவர் தேர்ந்தெடுத்த தொழில் இல்லை அது. அவருடைய சொந்த வேலை நடவும் களையெடுப்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை ஆய்வதும்தான். வயலில் குனிந்திருக்கும்போது வரப்பிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு போய் மிதித்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்தில் நாற்றைப் பிடிப்பார்.

அவர் சேரியைச் சேர்ந்தவர். அவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டால் அவர் காலடியில் குப்புறப் படுப்பார்கள். வீட்டில் அல்ல, களத்துமேட்டில். மிதிபட்டு எழுந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவார்கள். அவரோடு களையெடுக்கும் அம்சா இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"நாம அவுங்க நெழல மிதிச்சா குத்தம். இவ முதுவையே மிதிக்கிறா, எழுந்து கும்புடு போட்டுக்கினு போறாங்க!"

"கும்புடு எனக்கில்லடி, வலி போனதுக்கு," என்பார் பாஞ்சாலி அம்மாள்.

மிதிப்பது என்றால் முழு பாரத்தையும் இறக்குவது அல்ல. குதிகாலில் விளக்கெண்ணெயைத் தொட்டு, தசை போகிற போக்கிலேயே அழுத்தி இழுப்பது. கால் இறங்கும் நேரத்தில் படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "மூச்சப் புடிங்க" என்பார், இழுப்பார், "உடுங்க" என்பார். இந்த அளவுக்குக் கால் முன்னால் பிறந்தவர்கள் எல்லோரும் செய்வார்கள். பாஞ்சாலி அம்மாள் கூடுதலாக இரண்டு காரியங்கள் செய்வார். வலிக்கிற பக்கத்தில் கால் வைப்பதற்கு முன், வலிக்காத பக்கத்தை நிதானமாகத் தேய்த்துவிடுவார். "இப்பிடித்தான் இருக்கும், பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒடம்புக்கு மொதல்ல தெரியட்டும்" என்று காரணம் சொல்வார். பயந்துகொண்டு படுத்தவனின் தசையையும் பயம் தெளிந்தவனின் தசையையும் காலால் தொட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இரண்டாவது, மிதிபடுகிறவர் பேசக்கூடாது என்ற வழக்கத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கச் சொல்வார், திரும்பச் சொல்வார், இருமச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் வலிக்கிறதா என்று கேட்பார்.

இந்தக் கேள்விகள் அவருக்கு வந்தது ஒரு மாட்டினால்.

எங்கள் ஊரில் நிலபுலம் உள்ளவர்களில் வெங்கடாசலம் ஒருவர். பாஞ்சாலி அம்மாளின் குடும்பம் அவர் நிலத்தில்தான் கூலி வேலை செய்தது. அவரிடம் செவலை நிறத்தில் ஒரு வண்டிமாடு இருந்தது. அது இடது முன்னங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்க ஆரம்பித்தது. தோளில் சுளுக்கு என்றார்கள். தைலம் போட்டார்கள், பிறகு தோளில் சூடு போட்டார்கள். சரியாகவில்லை. மேட்டில் ஏறும்போது நன்றாக நடக்கும், பள்ளத்தில் இறங்கச் சொன்னால் முனகும். படுக்கப் பயந்து நின்றுகொண்டே இருக்கும். கடைசியில் ஒரு நாள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது.

ஊரில் செத்த மாட்டை எடுத்துத் தோல் உரிப்பது பாஞ்சாலி அம்மாளின் தகப்பனார் கண்ணையனின் கடமை. மகள் காலைப் பிடித்துக்கொள்ள, அவர் அறுத்தார். தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் இரைப்பையில் ஒரு லாட ஆணி குத்தி, நெஞ்சுப் பக்கமாக வெளியே வந்திருந்தது. சுற்றிலும் சீழ். லாடம் கட்டியவன் வைக்கோலில் போட்டுவிட்டுப் போன ஆணி. பாஞ்சாலி அம்மாள் மாட்டின் தோளையும் விடவில்லை. சூடு போட்ட இடத்துக்குக் கீழே சதையைப் பிரித்துப் பிரித்துத் தேடினார். சிராய்ப்புக்கூட இல்லை.

கண்ணையன் அந்த ஆணியைக் கழுவிக்கொண்டு போய் வெங்கடாசலத்தின் மனைவி கெங்கம்மாளிடம் காட்டினார். "செவல தோள்ல சாவலீங்கம்மா. இதுல செத்துது."

வலி இருக்கிற இடம் ஒன்று, அது வந்து நிற்கிற இடம் வேறொன்று என்பது அன்றைக்குப் பாஞ்சாலி அம்மாளின் மனத்தில் தங்கிவிட்டது. பிறகு தன் பிரசவத்தில் அதையே தன் உடம்பில் பார்த்ததாகச் சொல்வார். "புள்ள இருந்தது வயித்துல. வலி வந்தது முதுவுலயும் தொடையிலயும். உள்ளார இருக்கிறதுக்கு, தான் எங்க இருக்கோம்னு சொல்லத் தெரியல. தெரிஞ்ச எடத்து பேரச் சொல்லுது."

யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த வருஷம், மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் வெங்கடாசலத்துக்கு வலது தோளில் வலி வந்தது. மூட்டை தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். சாயங்காலத்தில் உடம்பு லேசாகச் சுடுவதையும், கன்னம் ஒட்டிப்போனதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வலி பொறுக்க முடியாமல் போனபோது களத்துமேட்டில் கோணிச் சாக்கை விரிக்கச் சொல்லிப் பாஞ்சாலி அம்மாளுக்கு ஆள் அனுப்பினார்.

மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கெங்கம்மாளும் இருந்தார். வேறு ஒருவருக்குக் கட்டுப் பிரிக்க வந்திருந்த நானும் அங்கே இருந்தேன்.

பாஞ்சாலி அம்மாள் அவர் கையைத் தூக்கச் சொன்னார். "வலிக்குதுங்களா ஆண்டே?"

"இல்ல."

"பின்னால கொண்டுபோங்க. இப்ப?"

"இல்லன்றேன்ல! மிதிக்க வந்தியா, பொம்மலாட்டம் ஆட வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குப்புறப் படுத்தார். இடது தோளைத் தேய்த்துவிட்டு, வலது தோளில் குதிகாலை வைத்தார் பாஞ்சாலி அம்மாள். அழுத்தவில்லை. வெறுமனே வைத்தார்.

"மூச்சப் புடிங்க."

அவர் பிடித்தார். கால் இறங்கவில்லை. காலுக்கு அடியில் தசை வெண்ணெய் மாதிரி இருந்ததாகப் பாஞ்சாலி அம்மாள் பிறகு சொன்னார். முடிச்சும் இல்லை, இறுக்கமும் இல்லை.

"உடுங்க."

வெங்கடாசலம் தலையைத் தூக்கிச் சிரித்தார். "அடி ஆத்தே, நீ இன்னும் மிதிக்கவே இல்ல. அதுக்குள்ள வலி போச்சு!" என்றவர், மூச்சை உள்ளே இழுத்ததும், "ஆ... வந்துடுச்சு" என்று முகத்தைச் சுளித்தார்.

"இன்னொரு வாட்டி புடிங்க."

பிடித்தார், வலி நின்றது. விட்டு இழுத்தார், வந்தது. கையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் வராத வலி, மூச்சோடு வந்தது. பாஞ்சாலி அம்மாள் காலை எடுத்து, எண்ணெயை வைக்கோலில் துடைத்தார்.

"நான் மிதிக்க மாட்டேங்க."

கூலிக்கு வந்த பெண் ஒருத்தி ஆண்டையிடம் மாட்டேன் என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

"ஏன்?"

"வலி தோள்ல இல்லீங்க ஆண்டே. உள்ளார எங்கியோ இருக்குது. மிதிச்சா அது என்னாவும்னு எனக்குத் தெரியாது."

"என் தோளு எனக்கு வலிக்குது. அப்ப தோளு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லலீங்க. அதுக்கு யாரோ சொல்லிக்குடுத்தத அது சொல்லுது. நம்ம செவலக்கு வந்தது நெனப்பிருக்குதுங்களா?"

"என்ன மாடுன்றியா நீ?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். வெங்கடாசலத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஜல்தி வண்டியக் கட்டுங்கடா. இவ ஒருத்திதான் கால் முன்னால பொறந்தாளா? வளவனூர் விருத்தாசலம் இல்ல? இனிமே இவ நம்ம நெலத்துல கால் வெக்கக்கூடாது."

வளவனூர் விருத்தாசலத்தை எனக்கும் தெரியும். அவரும் கால் முன்னால் பிறந்தவர்தான். கடா மாதிரி ஆள். கேள்வி எதுவும் கேட்கமாட்டார், பாரம் முழுவதையும் இறக்கி மிதிப்பார். உள்ளே ஆணியோ கட்டியோ இருக்கிற உடம்பை அவர் காலில் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. இதைப் பாஞ்சாலி அம்மாளும் நினைத்திருக்க வேண்டும். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கெங்கம்மாளுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"வளவனூருக்கே போவட்டுங்கம்மா. ஆனா வண்டி குலுங்குமில்ல, தோளக் கட்டிக்கினு போவட்டும். பத்தை வெச்சுக் கட்டிட்டா கை அசையாது. வலி தோள்லதான்னா, அப்புறம் எத்தினி பள்ளத்துல எறங்கினாலும் வலிக்காது. வலிச்சா, வேற எங்கியோன்னு ஆண்டைக்கே தெரியும்."

செவலையின் ஆணியைத் தன் கண்ணால் பார்த்தவர் கெங்கம்மாள். புருஷனைப் பார்த்து, "கட்டிக்கினுதான் போவுறது. கட்டுனா என்ன நட்டம்?" என்றார்.

"கட்டு, கட்டு. பாத்துடலாம்," என்றார் வெங்கடாசலம் வீம்பாக.

கட்டியது நான். கையை மடக்கி மார்போடு சேர்த்து, தோளிலிருந்து விலாவரை, உடைந்த எலும்புக்குக் கட்டுவதுபோலக் கட்டினேன். விரல் நுனி தவிர எதுவும் அசையாது. கட்டு நெகிழ்ந்தால் சரிசெய்ய வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். கெங்கம்மாளும் ஏறினார். பாஞ்சாலி அம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவர் தானாகவே வண்டிக்குப் பின்னால் நடந்துவந்தார்.

வளவனூர் போக விழுப்புரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மழை விட்ட சமயம், ரோடெல்லாம் பள்ளம். முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது வெங்கடாசலம் பல்லைக் கடித்தார். நான் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். இம்மியும் நெகிழவில்லை. அடுத்த பள்ளத்தைத் தூரத்திலேயே பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது அவர் ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளம் வரும்போதெல்லாம் மூச்சு நின்றது. கெங்கம்மாள் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, பின்னாலிருந்து பாஞ்சாலி அம்மாள் வேண்டாம் என்று தலையசைத்ததை நான் பார்த்தேன்.

விழுப்புரத்தில் கிழக்கே வளவனூர் ரோடு பிரியும் இடம் வந்தது. வெங்கடாசலம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"கட்டுன கை ஆடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆடலீங்க."

"அப்ப எது ஆடுது?"

அவர் வண்டிக்குப் பின்னால் திரும்பினார். "பாஞ்சாலி, செவல கடசியில எப்பிடிச் செத்துது?"

"அது கெடக்கட்டும் ஆண்டே. செவலக்கு ஆஸ்பத்திரி இல்ல. ஒங்களுக்கு இருக்குது."

வெங்கடாசலம் வண்டிக்காரன் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்குத் திருப்பு," என்றார்.

ஆஸ்பத்திரியில் சீனுவாசன் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் தோளைத் தொடவே இல்லை. சில மாதங்களுக்கு முன் சீதபேதி வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார் கெங்கம்மாள். டாக்டர் வலது விலா எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்து அழுத்தினார். வெங்கடாசலம் போட்ட சத்தத்தில் வராந்தாவில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஈரலில் கட்டி. பெரிய ஊசியை விலா வழியாக விட்டு இழுத்தார்கள். காவி மண்ணைக் குழைத்தது போலக் கெட்டியாகச் சீழ் வந்தது. அதற்குப் பிறகு தினமும் ஊசி மருந்து.

"யாராவது தேய்ச்சாங்களா, மிதிச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார். வராந்தாவில் நின்ற பாஞ்சாலி அம்மாளைக் கெங்கம்மாள் காட்டினார்.

டாக்டர் வெளியே வந்தார். "மிதிச்சீங்களா?"

"மிதிக்கலீங்க. மூச்சு இழுத்தா வலிச்சுது, புடிச்சா நின்னுச்சு. சுளுக்குக்கு மூச்சோட என்னா வேலைன்னு உட்டுட்டேங்க."

"நல்ல வேளை. அழுத்தியிருந்தா உள்ளயே உடைஞ்சிருக்கும்." அவருக்கு அன்றைக்கு அவசரம் இல்லையோ என்னவோ, சுவரில் சாய்ந்துகொண்டு பாஞ்சாலி அம்மாளுக்கும் எனக்கும் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்க நடுவில் ஒரு தசைத் திரை இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கும். ஈரல் அதன் அடியில் ஒட்டினாற்போல் இருப்பதால், ஈரலில் கட்டி வந்தால் திரை புண்ணாகும். அந்தத் திரையின் நரம்பு வயிற்றிலிருந்து வரவில்லை, கழுத்திலிருந்து வருகிறது. கருவில் அந்தத் திரை முதலில் கழுத்தருகே உண்டாகி, பிறகு கீழே இறங்குகிறதாம். இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தோள் நுனியின் நரம்பும் கழுத்தில் அதே இடத்தில்தான் போய்ச் சேர்கிறது. தோளிலிருந்து மூளைக்குத் தினமும் செய்தி போகிறது, வெயில் சுடுகிறது, எறும்பு கடிக்கிறது, மூட்டை அழுத்துகிறது என்று. திரையிலிருந்து ஆயுசு முழுவதும் ஒரு செய்தியும் போயிருக்காது. ஆகவே அந்த வழியில் ஒரு கூக்குரல் வந்தால், மூளை தனக்குப் பழக்கமான தோள் என்றே எடுத்துக்கொள்கிறது. வலி உண்மை, விலாசம் தப்பு.

"நம்ம ஜங்ஷன் மாதிரி," என்றார் டாக்டர். "பாண்டிச்சேரி வண்டியும் காட்பாடி வண்டியும் ஒரே பிளாட்பாரத்துல வந்து நின்னா, எறங்கி வர்றவன் எந்த ஊர்க்காரன்னு கேட்டில நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

பாஞ்சாலி அம்மாள் யோசித்தார். "டிக்கெட்டப் பாத்தாத்தாங்க தெரியும்."

டாக்டர் சிரித்தார். "அதத்தான் பாத்திருக்கீங்க. நானும் மூச்சு இழுக்கச் சொல்லித்தான் பாப்பேன்."

வெங்கடாசலம் பிழைத்து ஊர் திரும்பினார். நிலத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொன்னதைத் திரும்பப் பெற்றதாக அவர் வாயால் சொல்லவில்லை. நடவு தொடங்கியதும் கெங்கம்மாள் ஆள் அனுப்பிப் பாஞ்சாலி அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டார். காய்ச்சல் போயிற்று, கன்னத்தில் சதை ஏறிற்று. ஆனால் தோள் வலி முழுவதும் போகவில்லை. விழுப்புரம் போய்க் காட்டினார். கட்டி இருந்த இடம் ஆறிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை, இது மூளைக்குப் பழகிப்போன வலி, பயம் தெளிந்தால் போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"ஒண்ணும் இல்லன்றாரு, ஆனா வலிக்குதே! நான் என்ன வேஷமா போடுறேன்?" என்று என்னிடம் வந்து பொரிந்தார். பெரிய மூச்சு இழுக்கவே அவர் பயந்துகொண்டிருந்தார் என்பதைக் கவனித்தேன். தோளைத் தூக்கி, கழுத்தை இறுக்கி, எப்போதும் ஒரு பள்ளத்தை எதிர்பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கட்டுப் பிரித்த பிறகும் முறிந்த காலை ஊன்றப் பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாஞ்சாலி அம்மாளைப் பார்க்கச் சொன்னேன்.

அறுவடை முடிந்த களத்தில் மறுபடியும் கோணிச் சாக்கு விரிக்கப்பட்டது. இந்தத் தடவை மிதிப்பாரா மாட்டாரா என்று பார்ப்பதற்காகவே நிறையப் பேர் கூடிவிட்டார்கள். பாஞ்சாலி அம்மாள் எதையும் அவசரப்படுத்தவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னார், இருமச் சொன்னார், விலாவில் கெங்கம்மாளை விட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னார். எங்கும் பிடிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். இப்போது வலித்தது.

"இது தோளுதாங்க ஆண்டே. மெய்யான தோளு. உள்ளார இருந்தது காலி பண்ணிக்கினு போயிடுச்சு. அதுக்குப் பயந்து நின்ன தசைக்கு இன்னும் சேதி தெரியல. படுங்க."

இடது தோளை வெகுநேரம் தேய்த்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தேய்த்தார். புதுச் செவலை எப்படி உழுகிறது, மல்லாட்டை எத்தனை மூட்டை கண்டது என்று. அவர் பதில் சொல்லச் சொல்லக் கழுத்து இளகிற்று. பிறகு குதிகால் வலது தோளுக்குப் போயிற்று. "மூச்சப் புடிங்க" என்ற வார்த்தை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அதைச் சொல்லவில்லை.

"நல்லா மூச்சு உட்டுக்கினே இருங்க. புடிக்கவே கூடாது."

கால் முன்னால் பிறந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெங்கடாசலம் முதலில் பயந்து பயந்து இழுத்தார். பிறகு மார்பு நிறைய இழுத்தார். கால் எண்ணெயோடு சரிந்து இறங்கியது. ஒருமுறை, இன்னொருமுறை. எழுந்து உட்கார்ந்தவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார், இறக்க மனமில்லாதவர் போல.

வழக்கப்படி கிணற்றடியில் ஏற்றம் இறைத்துத் தண்ணீர் தயாராக இருந்தது. அவர் துண்டை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"ஆண்டே," என்றார் பாஞ்சாலி அம்மாள். "இன்னிக்குத் தலைக்கு ஊத்தக்கூடாதுங்க. குளுந்த தண்ணி பட்டா தசை மறுபடியும் பயந்துக்கும். அப்பிடியே ஊட்டுக்குப் போங்க."

குளிர்ந்த தண்ணீர் தசையை இறுக்கும் என்பது எங்கள் வேலையிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதற்கு முன்பு எத்தனையோ பேர் அதே கிணற்றடியில் ஊற்றிக்கொண்டு போவதை அவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வெங்கடாசலம் கிணற்றைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மார்பு நிறைய ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார், அது எங்கேயும் பிடிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கால்தடம் முதுகில் தெரியத் தெருவுக்குள் நடந்தார். முன்னாலேயே வீட்டுக்குப் போய் நிலைப்படியில் நின்ற கெங்கம்மாள் ஒதுங்கி வழிவிட்டார்.